பெல்ட் போடக் கூடாத சாலை

கடல் உறைந்துவிட்டது என்று
வானொலியில் சொன்ன காலை
ஐவோவின் பனித்துரப்பணத்தைக்
கொட்டகையிலிருந்து இழுத்துக் காரில் போட்டேன்.
அவன் பொருள்களில் மிச்சம் அது ஒன்றுதான்.
மற்றதெல்லாம் முதல் வசந்தத்திலேயே
படகுத்துறையிலிருந்து தண்ணீருக்குள் போயின.
இரண்டு பூட்ஸ், ஒரு அக்கார்டியன்.
மூழ்கும்போது அக்கார்டியன்
ஒரே ஒரு சுரம் கொடுத்தது.
அதற்காக மட்டும் இன்னும் வருத்தம்.

ரோஹுகுலா கரையில் சாலை முடிகிறது.
அங்கிருந்து ஹீயுமா தீவு வரை
கடல்தான் சாலை.
மஞ்சள் சட்டைக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
"பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள்.
கதவைப் பூட்ட வேண்டாம்.
இருபத்தைந்துக்குக் கீழே போங்கள்,
இல்லையா, நாற்பதுக்கு மேலே.
நடுவில் மட்டும் போகாதீர்கள்.
அந்த வேகத்தில் பனிக்கு அடியில் அலை கூடும்.
உங்களுக்கு முன்னே ஓடிப்போய்
உடைத்து வைத்துக் காத்திருக்கும்."

சிரித்துவிட்டேன். அவருக்குப் புரியவில்லை.
இருபத்தைந்து வயதில் ஐவோவைக் கட்டிக்கொண்டேன்.
நாற்பதில்
அவன் கோட்டுப் பையில் ஒரு படகுச் சீட்டு:
ஒரு கார், இரண்டு ஆட்கள்.
அந்த மாதம் நான் தீவுக்குப் போகவே இல்லை.

ரேத். ரொட்டிக்கடை ரேத்.
எனக்கென்று அடுக்கின் பின்னாலிருந்து
ஓரம் கருகாத கம்பு ரொட்டியாகத்
தேடி எடுத்துத் தருவாள்.

மூன்று வருடம் கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.
பல் மருத்துவரிடம்கூட, வாயைத் திறந்தபடியே.
சொல்லச் சொல்ல நல்லவளாகிக்கொண்டே போனேன்.
சொல்லாமல் விட்டது இது:
ஏழாம் வருடத்திலிருந்தே
அவன் ஏதாவது பேச ஆரம்பித்தால்
குழாயைத் திறந்துவிடுவேன்.
தொட்டியில் பாத்திரம் ஒன்றும் இருக்காது.

அவன் செய்ததற்கு இது சமமில்லை.
தராசை எடுத்து வராதீர்கள்.
ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம்
என்னுடையது.

"பனியில் உனக்குக் கை நிற்காது, ஊர்வே" என்பான்.
பதினைந்து குளிர்காலம் வலது இருக்கையில்
வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.
உரிமம் வாங்கியது நாற்பத்தொன்றில்,
மூன்றாவது முயற்சியில்.

இப்போது அறுபதில் போகிறேன்.
வழிகாட்ட ஜூனிப்பர் கிளைகள் நட்டிருக்கிறார்கள்.
கீழே பனி முனகுகிறது.
முனகினால் பயமில்லை,
வாயே திறக்காத பனிதான் ஆளை விழுங்கும் என்பார்கள்.

"உன்னை மன்னித்துவிட்டேன், ஐவோ."
குளியலறைக் கண்ணாடியில்
தலையைக் கொஞ்சம் சாய்த்து
எத்தனை மாதம் பழகிய வாக்கியம்!
காருக்குள் ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
மேடையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.
மேடை என்றால்
கீழே ஒருவன் உட்கார்ந்தாக வேண்டும்.

கதவைத் திறந்தது ரேத்.
காதோரம் நரைத்திருந்தது. எனக்கும்தான்.
கனம் தெரியாமல் துரப்பணத்தை வாங்கினாள்,
தோள் சரிந்தது.
மறுமுனையை நான் பிடித்தேன்.
ஆளுக்கொரு நுனியாகக் கொண்டுபோய்
சுவரில் சாய்த்தோம்.
"மெதுவா, பிளேடு" என்றாள்.
"தெரியும்" என்றேன்.

பின்னால் காலுறையோடு ஐவோ.
இளைத்திருந்தான்.
"நீயா ஓட்டி வந்தாய்?"
"ஆமாம்."
காப்பி வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.
இருட்டினால் சாலையை மூடிவிடுவார்களே.

திரும்பும்போது பாதிக் கடலில்தான் உறைத்தது:
அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.
வாய்க்குள் தேடினேன். காணோம்.
எங்கே விழுந்தது என்று
திரும்பிப் பார்க்கிற சாலையில்லை அது.

கரை ஏறியதும் மஞ்சள் சட்டைக்காரர்
பெல்ட்டைப் போடச் சொல்லிக் கைகாட்டினார்.
போட்டேன், கொஞ்ச தூரம் கழித்து.

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
நடுங்கும் கையோடு
ஓட்ட வருகிறது.